கருவறை வாசலில் நின்ற அதிகாரி: தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

2025 நவம்பர் 25 அன்று, ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட லெப்டினன்ட் சாமுவேல் கமலேசனின் மேல்முறையீட்டு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோயில் கருவறைக்குள் நுழைய மறுத்த கிறிஸ்தவ அதிகாரி என்று செய்தி பரவியது. அதைப் படித்தவர்களிடம் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. இனி மேலதிகாரி சொன்னால் கிறிஸ்தவர் எந்தப் பூஜையிலும் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்பது ஒன்று. அவர் வேண்டாத பிடிவாதம் பிடித்தார், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் வழக்கின் விவரத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தையும், 1986இல் இதே உச்ச நீதிமன்றம் கொடுத்த வேறொரு தீர்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடந்தது என்ன

கமலேசன் 2017 மார்ச்சில் ராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அவர் சேர்ந்தது 3வது கேவல்ரி ரெஜிமென்ட். சீக்கியர், ஜாட், ராஜபுத்திரர் என்று வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட ஸ்குவாட்ரன்கள் கொண்ட படைப்பிரிவு அது. சீக்கிய வீரர்கள் இருந்த ஸ்குவாட்ரனில் ஒரு துருப்புக்கு அவர் தலைவர்.

இப்படிப்பட்ட படைப்பிரிவுகளில் வாராந்திர மதப் பரேடு உண்டு. வீரர்கள் வழிபாட்டுக்குப் போவார்கள், அதிகாரி அவர்களோடு போவார். வீரர்களின் மதமே அதிகாரியின் மதம் என்பது அங்கே பழைய மரபு. தன் படைப்பிரிவில் கோயிலும் குருத்வாராவும் மட்டுமே இருந்தன, எல்லா மதத்தாருக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் இல்லை என்று கமலேசன் தன் மனுவில் சொன்னார்.

அவர் மறுத்தது எது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மனுவின்படி அவர் பரேடுக்குப் போனார். காலணியையும் பெல்ட்டையும் கழற்றினார். தலைப்பாகை அணிந்திருந்தார். உள்ளே நடக்கும் சடங்கு கண்ணில் படும் தூரத்தில், கோயில் முற்றத்தில், தன் வீரர்களோடு நின்றார். பூஜையும் ஆரத்தியும் நடக்கும்போது கருவறைக்குள் நுழைவதிலிருந்து மட்டும் விலக்குக் கேட்டார். ராணுவத் தரப்பு வேறு விதமாகச் சொன்னது: பலமுறை அறிவுரை சொல்லியும் மேலதிகாரியின் கட்டளையை அவர் ஏற்கவில்லை, அது வீரர்களின் மனஉறுதியையும் ஒற்றுமையையும் பாதித்தது.

2021 மார்ச் 3 அன்று, ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாமல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ராணுவ நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. அப்படி விசாரிப்பது உசிதமில்லை என்று கருதினால், காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்து நீக்க ராணுவச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் ராணுவ விதிகளில் 14ஆம் விதியும் இடம் கொடுக்கின்றன. அந்த வழியே எடுக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 30 அன்று அவருடைய மனுவைத் தள்ளியது. பிறகுதான் உச்ச நீதிமன்றம்.

சட்டத்தின் அடிப்படை

அரசியலமைப்புச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் இங்கே முக்கியம்.

1. பிரிவு 25. மனசாட்சிச் சுதந்திரமும், மதத்தை ஏற்று, பின்பற்றி, பரப்பும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே. மனசாட்சி என்ற சொல் மதம் என்ற சொல்லுக்கு முன்னால் வருகிறது. இந்த வரிசை பின்னால் தேவைப்படும்.

2. பிரிவு 28(3). அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிப்பவரை, அங்கே நடக்கும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் வயது வராதவரானால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைக்கு இந்துப் பள்ளியில் இருக்கும் இந்த உரிமை, கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அப்படியே உண்டு. நம் மிஷன் பள்ளிகள் இதை மறந்துவிடக் கூடாது.

3. பிரிவு 33. ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்யலாம். கடமையை ஒழுங்காகச் செய்யவும் கட்டுப்பாட்டைக் காக்கவும் இந்த அதிகாரம்.

மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எந்தெந்த உரிமைகளை விதி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியல் போடுகிறது: சங்கத்தில் சேர்வது, கூட்டத்திலும் ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்வது, பத்திரிகைகளுக்குச் செய்தி தருவது. மத உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் மத உரிமை முழுசாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று தோன்றும். நீதிமன்றங்கள் அப்படிப் படிக்கவில்லை. ராணுவச் சட்டத்தில் எந்தப் பிரிவு அடிப்படை உரிமையோடு மோதினாலும், அதை நாடாளுமன்றம் பிரிவு 33இன் கீழ் தெரிந்தே செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1963இல் ராம் சரூப் வழக்கிலும் 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படியாமை குற்றம் என்னும் 41ஆம் பிரிவும் இதில் அடங்கும். சீருடை போட்டவரின் வழக்கு தொடங்கும்போதே பாதி எடை ராணுவத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கேரளத்துப் பிள்ளைகள் வென்ற வழக்கு

கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர். அங்கே ஒரு பள்ளியில் பிஜோ, பினு மோள், பிந்து என்று மூன்று உடன்பிறப்புகள் 10, 9, 5 ஆகிய வகுப்புகளில் படித்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பம். தினமும் காலையில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். எந்த நாட்டின் கீதத்தையும் பாடுவது யெகோவாவுக்கு மட்டுமே உரிய வணக்கத்தில் பங்கு கேட்பதாகும் என்பது அவர்கள் விசுவாசம். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் சபையில் எழுப்ப, விசாரணைக் குழு அமைந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்துக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று அந்தக் குழுவே சொன்னது. அப்படியிருந்தும் 1985 ஜூலை 26 அன்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கேரள உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நியாயம் இப்படி நகர்கிறது:

1. தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேசிய மரியாதைக்கு அவமதிப்பு செய்வதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிறர் பாடுவதைத் தடுப்பதையும் பாடுகிற கூட்டத்துக்கு இடையூறு செய்வதையும்தான் குற்றமாக்குகிறது. எழுந்து மௌனமாக நிற்பவர் யாரையும் தடுப்பதில்லை.

2. பாட வேண்டும் என்று சொன்னவை கல்வித் துறையின் சுற்றறிக்கைகள். அவற்றுக்குச் சட்டத்தின் வலு இல்லை. அடிப்படை உரிமையைச் சுற்றறிக்கையால் குறைக்க முடியாது.

3. ஒருவருடைய விசுவாசம் நீதிபதியின் புத்திக்கு எட்டுகிறதா என்பது கேள்வியில்லை. அந்த விசுவாசத்தை அவர் உண்மையாக, மனசாட்சிப்படி கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி.

மூன்றாவது படிதான் அந்தத் தீர்ப்பின் உயிர். கிறிஸ்தவர்களிலேயே பெரும்பாலோர் தேசிய கீதம் பாடுகிறவர்கள். அதை வைத்து "மற்ற கிறிஸ்தவர்கள் பாடுகிறார்களே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று நீதிமன்றம் கேட்கவில்லை.

அதிகாரி தோற்றது எதனால்

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

1. பிள்ளைகளைக் கட்டுப்படுத்தியது வெறும் சுற்றறிக்கை. அதிகாரியைக் கட்டுப்படுத்தியது நாடாளுமன்றச் சட்டம், அதற்குப் பின்னால் பிரிவு 33.

2. பள்ளிப் பிள்ளை பாடாவிட்டால் வகுப்பு நடக்கும். துருப்புத் தலைவர் வாசலில் நின்றுவிட்டால் வீரர்கள் அவரைப் பின்தொடர்வதில் விரிசல் விழும் என்றது ராணுவம். போர்க்களத்தில் உயிரைக் கொடுக்கும் பிணைப்பு இப்படித்தான் வளர்கிறது என்ற அந்த வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது. சாதாரண குடிமகன் கண்ணுக்கு இது கடுமையாகத் தெரியலாம், ராணுவக் கட்டுப்பாட்டின் அளவுகோல் வேறு என்றும் சொன்னது.

3. இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே இல்லை, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிவது பற்றியது என்று உயர் நீதிமன்றம் வழக்கை வரையறுத்தது. அப்படி வரையறுத்ததும் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

தலைமை நீதிபதி சூர்ய காந்த்தும் நீதிபதி ஜாய்மால்யா பாக்சியும் இருந்த அமர்வு இந்த முடிவில் தலையிட மறுத்தது. இங்கேதான் செய்தி படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். விசாரணையின்போது நீதிபதிகள் வாயால் சொல்லும் வார்த்தைகள் தலைப்புச் செய்தியாகும், ஆனால் அவை தீர்ப்பில்லை. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்வது, உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டக் கேள்வியை விரிவாக அலசி நாடு முழுக்கப் புதிய விதி வகுப்பதற்குச் சமமும் இல்லை. பிஜோ வழக்கின் தீர்ப்பு ரத்தாகவில்லை. பள்ளி மாணவர், ஆசிரியர், தாலுகா அலுவலக எழுத்தர், பஸ் கண்டக்டர் யாருக்கும் பிரிவு 33 பொருந்தாது. அது ராணுவத்துக்கும், காவல், உளவு போன்ற சில படைகளுக்கும் மட்டும்.

போதகர் சொன்னால் மனசாட்சி அடங்க வேண்டுமா

விசாரணையில் எழுந்த ஒரு விஷயம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. கோயிலுக்குள் போவதால் விசுவாசத்துக்குக் குறைவில்லை என்று ஒரு போதகரே கமலேசனுக்கு ஆலோசனை சொல்லியிருந்தார். போதகர் சொன்ன பிறகு அதோடு விட்டிருக்க வேண்டும், மதம் எதை அனுமதிக்கிறது என்பதற்குச் சொந்த விளக்கம் வைத்துக்கொள்ள முடியாது என்ற பொருளில் அமர்விலிருந்து கருத்து வந்தது. கோயிலுக்குள் போகக் கூடாது என்று கிறிஸ்தவ வேதத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேட்கப்பட்டது. வழக்கறிஞர் பத்துக் கட்டளைகளில் முதலாவதைக் காட்டினார்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு வேர் உண்டு. ஒரு வழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றம் சோதிக்கும் முறை 1954ஆம் ஆண்டு ஷிரூர் மடம் வழக்கிலிருந்து வளர்ந்தது. அந்தச் சோதனையில் வேதநூலும் மதத் தலைவர்களும் சாட்சி. பிஜோ வழக்கின் சோதனையில் விசுவாசியின் உண்மைதான் சாட்சி. முதல் சோதனை மதத்தைக் காக்கும், இரண்டாவது மனிதரைக் காக்கும். பிரிவு 25இல் மனசாட்சி என்ற சொல் முன்னால் நிற்பதற்கு அர்த்தம் இருக்கிறதென்றால், தனி மனிதரின் வழக்கில் இரண்டாவதுதான் சரியான சோதனை என்பது என் துணிபு. அதிகாரி ராணுவக் கட்டுப்பாட்டின் பேரில் தோற்றது ஒரு விஷயம், அதற்குச் சட்ட நியாயம் இருக்கிறது. போதகரின் வார்த்தையை வைத்து அவருடைய மனசாட்சியை அளப்பது வேறு விஷயம். போதகர் ஆலோசனை சொல்லலாம். ஒருவருக்குப் பதிலாக விசுவாசிக்க அவரால் முடியாது.

மத வழக்கங்களை நீதிமன்றம் எந்த அளவுக்குச் சோதிக்கலாம் என்ற கேள்வியை 2019 நவம்பரில் சபரிமலை சீராய்வு வழக்கில் ஐந்து நீதிபதிகள் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். அதற்காக ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அமைந்தது. இப்படிப்பட்ட வழக்குகளின் போக்கு அந்தப் பதிலைப் பொறுத்தது.

வேதத்தில் இரண்டு சம்பவங்கள்

உள்ளே போவதும் போகாததும் பற்றி வேதம் ஒரே குரலில் பேசவில்லை. அதனால்தான் நல்ல விசுவாசிகளே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

நாகமான் ஒரு படைத்தலைவன். குஷ்டம் நீங்கின பிறகு இனிக் கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று எலிசாவிடம் சொல்கிறான், இரண்டு கோவேறு கழுதைப் பாரம் மண் கேட்கிறான். அடுத்த மூச்சில் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் அங்கே குனிய வேண்டிவரும், இந்தக் காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா அதற்கு "சமாதானத்தோடே போ" என்கிறான். 2 இராஜாக்கள் 5இல் இருக்கிறது. ராணுவ வேலையின் பாரம் தெரிந்த பதில்.

தானியேல் 3இல் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவும் அரசு அதிகாரிகள்தான். பாபிலோன் மாகாணத்துக் காரியங்களை நிர்வகித்தவர்கள். பொற்சிலையின் முன் விழ மறுத்தார்கள். தேவன் தப்புவிக்காவிட்டாலும் வணங்க மாட்டோம் என்றார்கள். அங்கே கட்டளை வணங்கு என்பதுதான், கூடவே நில் என்பது இல்லை. நாகமான் செய்ததில் ராஜாவைத் தாங்கிய கை இருந்தது, வணங்கும் நோக்கம் இல்லை.

பவுலும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறார். கடையில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் சாப்பிடு, இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே என்று 1 கொரிந்தியர் 10இல் எழுதுகிறார். பொருள் மாறவில்லை, அது சுமக்கும் அர்த்தம் மாறுகிறது. ரோமர் 14இன் கடைசி வசனம் இன்னும் கூர்மை: "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே." அடுத்தவருக்குப் பாவமில்லாத செயல் எனக்குப் பாவமாகலாம். சந்தேகத்தோடு செய்தால்.

நம் ஊர் ஆயுத பூஜையில் இதை அப்படியே பார்க்கலாம். தன் லேத் மெஷினைத் துடைத்து வைப்பது, அதன்மேல் வேறொருவர் சந்தனம் குங்குமம் வைக்கும்போது விலகி நிற்பது, தீபாராதனைத் தட்டைக் கையில் வாங்கிச் சுற்றுவது, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வது. நான்கும் நான்கு வேறு செயல்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆம் அல்லது இல்லை என்று சொல்வதில்தான் வீண் சண்டை பிறக்கிறது.

கூட இருந்த கிறிஸ்தவர்களே குறை சொல்வதும் புதிதில்லை. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் படையில் பேரரசரின் அன்பளிப்பு வழங்கும் நாளில் எல்லா வீரர்களும் தலையில் வாகை மாலை சூடி வரிசையில் வந்தார்கள். ஒரு வீரன் மட்டும் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நின்றான். ஏன் என்று கேட்டதற்கு நான் கிறிஸ்தவன் என்றான். கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவைத்த செய்தி இது. அந்தப் படையில் வேறு கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், மாலை சூடியே நின்றார்கள். ஒரு மாலைக்காக எல்லாருக்கும் ஆபத்தை வரவழைக்கிறானே என்று சபையிலேயே முணுமுணுத்தார்கள்.

மாற்று ஏற்பாடு என்ற சொல்

மோதல் வரும் இடத்தில் உலகச் சட்டங்கள் பலவும் கேட்கும் கேள்வி: இவருக்கு வேறு ஏற்பாடு செய்தால் வேலை கெடுமா?

2013 ஜனவரி 15 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரே நாளில் சிலுவை பற்றி இரண்டு பதில் சொன்னது. விமான நிறுவன ஊழியர் நாடியா எவைடா சிறிய சிலுவைச் சங்கிலி அணிந்ததால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் வென்றார். ஷெர்லி சாப்ளின் மருத்துவமனைச் செவிலியர். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், திறந்த காயத்தில் படலாம் என்பதால் தோற்றார். சிலுவை அதேதான், வேலை வேறு.

ராணுவத்திலும் இடம் கண்டுபிடித்த நாடு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் டெஸ்மண்ட் டாஸ் துப்பாக்கியைத் தொட மறுத்தார். ஆயுதம் ஏந்தாமல் சேவை செய்பவர் என்று அங்கே சட்டத்திலேயே ஒரு வகை இருந்தது. மருத்துவப் பணியாளராகப் போனவர், 1945 மே மாதம் ஒகினாவாவில் காயம்பட்ட சுமார் 75 பேரைச் செங்குத்துப் பாறையிலிருந்து கயிற்றில் இறக்கினார். நாட்டின் உயரிய வீர விருது கிடைத்தது. இந்திய ராணுவச் சட்டத்தில் அப்படிப்பட்ட வகை எதுவும் இல்லை. கமலேசன் கேட்ட விலக்கைப் பொருத்திவைக்க அதில் ஒரு கட்டம் இல்லாமல் போனது.

மோதலில் இருப்பவர் செய்ய வேண்டியது

1. செயலைச் சுருக்கிச் சொல்லுங்கள். "எனக்கு இது விசுவாசத்துக்கு விரோதம்" என்று பொதுவாக எழுதினால் முழு ஒத்துழையாமை என்று படிக்கப்படும். "என் மகள் காலை வழிபாட்டில் வரிசையில் மரியாதையாக நிற்பாள், ஸ்லோகம் சொல்வதிலிருந்து மட்டும் பிரிவு 28(3)இன்படி விலக்குக் கோருகிறேன்" என்று எழுதுங்கள்.

2. நாள் வருவதற்கு முன்பே எழுதுங்கள். வரிசையில் நிற்கும்போது மறுத்தால் அது எல்லார் முன்பும் மீறல் ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்த கடிதம் வேண்டுகோள்.

3. மாற்றையும் நீங்களே சொல்லுங்கள்: அந்த நேரத்தில் வாயில் காவல், அடுத்த பண்டிகை நாளில் கூடுதல் பணி.

4. கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கட்டளை வந்தால் அதே நாளில் "இன்று நீங்கள் சொன்னபடி…" என்று மரியாதையாக எழுதிப் பதிவு செய்யுங்கள்.

5. கட்டளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: சட்டமா, விதியா, சுற்றறிக்கையா, வெறும் வழக்கமா? பிஜோ வழக்கே இந்தக் கேள்வியில்தான் திரும்பியது.

6. எதிர்த்தரப்பு யார் என்று பாருங்கள். பிரிவு 25 அரசுக்கு எதிரான கவசம். தனியார் கம்பெனிமீது அதைக் காட்டி ரிட் மனு போடுவது பொதுவாக நிற்காது. அங்கே வேலை ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டமும் நிர்வாகத்தோடு பேச்சும்தான் வழி.

7. மற்ற எல்லாக் கடமையிலும் குறை வைக்காதீர்கள். வருகைப் பதிவில் ஓட்டை இருந்தால் நீக்கல் உத்தரவில் அந்தக் காரணம்தான் எழுதப்படும், விசுவாசம் என்ற சொல்லே வராது.

8. சீருடைப் பணியில் சேர நினைக்கும் இளைஞர், விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கேள்வியை வீட்டிலும் சபையிலும் பேசிவிட வேண்டும். எல்லா மதத்தினரும் கலந்த படைப்பிரிவுகளும் உண்டு, வகுப்புவாரிப் படைப்பிரிவுகளும் உண்டு. பணியில் சேர்ந்த பின் குறை இருந்தால் அதிகாரிக்கு ராணுவச் சட்டம் 27ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் முறையிடும் வழி இருக்கிறது, மற்ற வீரர்களுக்கு 26ஆம் பிரிவு. இடமாற்றமோ விலக்கோ கேட்டு அந்த மனு, முதல் மறுப்புக்கு முன்பே கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

"மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று பேதுரு சொன்னது அப்போஸ்தலர் 5இல். அதே அதிகாரத்தில், சில வசனம் தள்ளி, அப்போஸ்தலர்கள் அடி வாங்குகிறார்கள். நாமத்துக்காக அவமானமடையப் பாத்திரராக எண்ணப்பட்டதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு ஆலோசனைச் சங்கத்தை விட்டுப் போகிறார்கள். தினந்தோறும் தேவாலயத்திலும் வீடுகள்தோறும் போதிக்கிறார்கள்.